சொட்டுச் சிந்தாமல் வீட்டிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுவது

கேள்வி: 14 ஜூலை 2024

வாடகை வீட்டில் இருக்கேன். போர்டிகோவில் வெள்ளை டைல்ஸ். கார் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், வாரண்டி எப்பவோ முடிஞ்சாச்சு. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றலாம்னு ஆசை. பக்கத்து வீட்டுக்காரர், "சிந்தாம யாராலயும் மாத்த முடியாது தம்பி, கறை பட்டா ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவார்"னு அடிச்சுச் சொல்றார். அவர் சொல்றது சரியா?

14 ஜூலை, இரவு

பாதி சரி. ஆயில் எங்காவது சிந்தத்தான் செய்யும். அது டைல்ஸ் மேல் விழணும்னு கட்டாயம் இல்லை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாயும்னு தெரிந்துகொண்டு அங்கே ஒன்றைப் பிடித்துவிட்டால் முடிந்தது.

டிரெயின் போல்ட்டை (ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கிற போல்ட்) எடுக்கும் அந்த நொடிக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் தரையைக் கெடுப்பது கடைசியில் நூலாக வடிகிற ஆயிலும், ஃபில்டரும்தான். குறிப்பாக ஃபில்டர். விவரமாக எழுதுகிறேன். அதுவரை மேனுவலை எடுத்து, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், என்ன கிரேடு என்று பார்த்து வையுங்க. மேனுவல் தொலைந்திருந்தால் கம்பெனியின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

15 ஜூலை

காரைத் தூக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆயில் கொட்டினால் துடைக்கலாம். கார் இறங்கிவிட்டால் துடைக்க நாம் இருக்க மாட்டோம்.

டிக்கியில் வருகிற கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பிக் கையைக்கூட உள்ளே விடாதீங்க. இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்க, இல்லை இரும்பு ரேம்ப். செங்கல் வேண்டாம், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். மெதுவாக விரிசல் விட்டு எச்சரிக்கிற பழக்கம் ஹாலோ பிளாக்குக்குக் கிடையாது, ஒரே அடியாக நொறுங்கும்.

நான் ரேம்பை மரத்தில் செய்து வைத்திருக்கிறேன். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய கனமான பலகைகள், ஒன்றைவிட ஒன்று நீளம் குறைவாக அறுத்து, அடுக்கி ஆணி அடித்தது. முன் சக்கரங்கள் அதன் மேல் ஏறி நிற்கும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அது தரையில் இருக்கிறது, அதனால் பிடிப்பு போகாது. கூடவே முதல் கியர், பின் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. முன்பக்கம் உயர்ந்து நிற்கும்போது டிரெயின் போல்ட் சேம்பரின் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) பின்பக்கம் இருந்தால் ஆயில் சுத்தமாக வடியும். முன்பக்கம் இருந்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கும். அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

15 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

தரையில் என்ன விரிப்பது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நம் ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா! ஃப்ளெக்ஸ் பேனர். காதணி விழா, பூப்பு நன்னீராட்டு, கட்சி மாநாடு, எது கிடைத்தாலும் சரி. டார்ப்பாலின் விலை கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் ஆயிலை உறிஞ்சாது, அது ஓடி ஓரத்துக்குப் போய் டைல்ஸில் இறங்கிவிடும். நாலு ஓரத்தையும் மடக்கி அடியில் ரீப்பர் கட்டை செருகி வரப்பு கட்டிவிடுங்க. மேலே ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் சொட்டுகளை அட்டை குடித்துக்கொள்ளும், முதுகுக்கும் மெத்தென்று இருக்கும்.

வெள்ளைப் பக்கம் மேலே வரட்டும். சொட்டு விழுவது பளிச்சென்று தெரியும். தலைவர் முகத்தில் கறுப்பு ஆயில் பட்டுத் தெருவில் பஞ்சாயத்து வராமலும் இருக்கும்.

17 ஜூலை

போல்ட் எடுக்கும் வேலை.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கணும். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, அணைத்து, பத்து நிமிடம் விட்டால் போதும். ஊர் சுற்றி வந்த கையோடு திறந்தால் ஆயில் 90 டிகிரிக்கு மேல் இருக்கும், முழங்கை வரை வெந்துவிடும். குளிர்ந்த ஆயில் ஆபத்தில்லை, ஆனால் ஆமை வேகத்தில் வடியும், அழுக்கும் அடியிலேயே தங்கும்.

போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் மேலே ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா பாருங்க. ஃபில்டருக்குக் கை எட்டுகிறதா, அது அசைகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடணும். ஆயிலை இறக்கிய பிறகு ஃபில்டர் வரமாட்டேன் என்றால் கார் நடுவாசலில் நொண்டிக்கொண்டு நிற்கும். அப்புறம், அது இன்ஜின் போல்ட்தானா? கியர் பாக்ஸுக்கும் அடியில் ஒரு டிரெயின் போல்ட் உண்டு. திறந்ததும் கறுப்பாக வராமல் தேன் நிறத்தில், வேறு ஒரு காட்டமான நாற்றத்தோடு கெட்டியாக வந்தால் உடனே மூடுங்க, தப்பான கதவு.

ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ். வாய் ஸ்பேனர் வைத்தால் போல்ட் தலை உருண்டுவிடும். என் வண்டிக்கு 17 எம்எம். இறுக்கம் விட்டதும் ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால் திருப்பணும், அதுவும் போல்ட்டை உள்ளே அழுத்திக்கொண்டே. அழுத்திக்கொண்டிருக்கும்வரை திரெட் (மரை) வழியாகக் கசிவதோடு சரி. கடைசிச் சுற்று முடிந்தது விரலுக்கே தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுங்க, கீழ்நோக்கி இல்லை. கையும் தப்பிக்கும், போல்ட்டும் டப்புக்குள் விழுந்து தொலையாது.

இப்போது ஆயில் நேராகக் கீழே விழாது. போல்ட் சேம்பரின் பக்கச் சுவரில் இருந்தால் முதல் பாய்ச்சல் ஒரு சாண் தள்ளித்தான் விழும். உள்ளே ஆயில் குறையக் குறைய அந்த வளைவு பின்வாங்கிக்கொண்டே வந்து கடைசியில் சேம்பர் சுவரை ஒட்டி வழியும். டப்பை போல்ட்டுக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருப்பவர் போர்டிகோதான் நாசமாகும். அகலமான டப், முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்து.

எந்த டப்? கொத்தனார் சாந்துச் சட்டி அகலம்தான், ஆனால் ஆழம் இல்லை, தூக்கி நடந்தால் அலம்பும், ஊற்ற மூக்கும் இல்லை. செவ்வகமான பிளாஸ்டிக் டப் நல்லது, மூலை வழியாக ஊற்றினால் ஒழுங்காக ஊற்றும். தண்ணீர் பாட்டில், மெல்லிசான ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேன் இதையெல்லாம் வெட்டி வைக்காதீங்க. அந்த பெட் பிளாஸ்டிக் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகிச் சுருங்கும். ஆயில் கேன் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தாங்கும்.

18 ஜூலை

ஒருத்தர், "மேல் மூடியைத் திறக்காமல் போல்ட்டைக் கழற்றினால் காற்று போகாது, மெதுவாக வரும், சிந்தாது" என்கிறார். தண்ணீர் கேனில் அது நடக்கும். இன்ஜின் மூச்சு விட பிசிவி வழி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, காற்று அதில் போய்விடும். வேகம் கொஞ்சம் குறையலாம், பந்தயம் கட்டுகிற அளவுக்கு இல்லை. நான் மூடியைச் சும்மா தளர்த்தி மேலேயே வைத்துவிடுவேன். திறந்து போட்டால் மேலே வேப்பமரம்.

21 ஜூலை

ஃபில்டர். இதைப் பொறுமையாகப் படியுங்க.

மூன்று விதமாக இருக்கும். வாய் மேலே பார்த்துத் தொங்குவது, படுத்திருப்பது, காகித ஃபில்டரைக் கிண்ணத்துக்குள் வைத்து மூடி போட்டது. முதல் வகைக்காரர் கொடுத்துவைத்தவர். இரண்டாவது வகையைத்தான் நாம் பெரும்பாலும் அனுபவிக்கிறோம். கழற்ற ஆரம்பித்ததும் உள்ளே இருக்கிற கால் லிட்டரும் வழிந்து, அடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தில் இறங்கி, அதன் ஓட்டைகளுக்குள் புகுந்துகொள்ளும். அன்றைக்குத் துடைத்துவிடலாம். அடுத்த நாள் காலையில் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது ஒவ்வொரு சொட்டாக வரும்போதுதான் "லீக் ஆகுதே" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். டைல்ஸில் கறை விழுவதும் பெரும்பாலும் இந்த அடுத்த நாள்தான், பேனரைச் சுருட்டி வைத்த பிறகு.

செய்ய வேண்டியது இது. ஆயில் முழுக்க வடிந்து, போல்ட்டைத் திரும்ப மாட்டிய பிறகு ஃபில்டருக்குப் போங்க. அவசரப்படாமல் விட்டால் ஃபில்டரிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஓப்பனர் (ஃபில்டரைப் பிடித்துத் திருப்பும் கருவி) போட்டு இறுக்கம் விடும் வரை மட்டும் திருப்புங்க, கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. கசிய ஆரம்பிப்பதற்குள் ஓப்பனரை எடுத்துவிட்டு ஒரு கெட்டியான கவரை ஃபில்டர் முழுக்க மாட்டி, வாயை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்து, கவருக்கு வெளியே கையை வைத்துக்கொண்டே திருப்புங்க. ஃபில்டரும் ஆயிலும் மொத்தமாகக் கவருக்குள் விழும். கேரி பேக்கை 2019 ஜனவரியிலேயே அரசு தடை செய்துவிட்டது, கிடைத்தாலும் இப்போது வருவது ஊதினாலே கிழிகிறது. ஐந்து கிலோ ஆட்டா மாவு வந்த கவர் இதற்கென்றே செய்ததாகத் தோன்றும்.

ஓப்பனர் இல்லையா? பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஃபில்டரைச் சுற்றிப் பிடித்தால் நல்ல பிடி கிடைக்கும். உப்புத்தாளும் சரி. ஸ்குரூ டிரைவரால் ஃபில்டரைக் குத்தித் திருப்புவார்கள் சில பேர். வீரம்தான், ஆனால் ஃபில்டர் திரும்பாமல் தகடு மட்டும் கிழிந்தால் ஓட்டையான ஃபில்டரோடு மாட்டிக்கொள்வீங்க.

கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்க. சில நேரம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், இன்ஜினும் கறுப்பு, ரப்பரும் கறுப்பு, கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு ரப்பர், கையில் நன்றாக இறுகிய மாதிரிதான் இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, புது ஆயில் மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். நான் விரலை உள்ளே விட்டு வட்டமாகத் தடவிப் பார்க்காமல் புதியதை மாட்டுவதே இல்லை.

புது ரப்பரில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருப்பி, ரப்பர் தொட்டதும் முக்கால் சுற்று. சில ஃபில்டரின் மேலேயே எழுதியிருக்கும், அதுவே கணக்கு. ஓப்பனரால் இறுக்குவதுதான் அடுத்த முறை அது வராமல் அழவைப்பதற்குக் காரணம்.

22 ஜூலை

மேலே எழுதிய கவர் வித்தைக்கு ஒரு திருத்தம். சில வண்டிகளில் ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கை போவதே பெரிய பாடு, கவர் போகாது. அங்கே சமையலறை அலுமினியத் தாளை மூன்று நாலு மடிப்பாக மடித்து, ஃபில்டருக்கு அடியில் செருகி, ஓடைபோல வளைத்து, மறுமுனையை டப்பில் விட்டுவிடுங்க. தாள் எந்த வடிவத்துக்கும் அடங்கும், சட்டத்தின் ஓட்டைகளையும் மூடும். சொல்லப்போனால் இப்போதெல்லாம் கவர் போகிற வண்டியிலும் முதலில் தாளைச் செருகிவிட்டுத்தான் கவரைத் தொடுகிறேன். சமையலறையில் கேட்டு எடுத்தால் உத்தமம்.

24 ஜூலை

எந்த ஆயில், எந்த ஆயில் என்று எல்லாரும் கேட்பதால் தனியாக. பிராண்டுச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான கிரேடு மேனுவலில் 0டபிள்யூ20 என்றால் அதுவே, 5டபிள்யூ30 என்றால் அதுவே. "நம்ம ஊர் வெயிலுக்கு 20 தாங்காது, 20டபிள்யூ50 ஊத்துங்க" என்கிற அறிவுரை கடைக்குக் கடை கிடைக்கும். இன்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் சித்திரை வெயிலிலும் மார்கழியிலும் இன்ஜினுக்குள் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேனில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக் குறி) எஸ்பி என்று இருந்தால் 2020-இல் வந்த தரம், எஸ்என் என்றால் 2010-இல் வந்தது. உங்கள் மேனுவல் எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம், திருப்பிப் போட முடியாது.

சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கென்று 3.5 லிட்டர் கேன் வருகிறது. என் வண்டி குடிப்பது மூன்று லிட்டர் சொச்சம், மீதி நிற்கும். அந்த மீதியை பைக்கில் ஊற்றலாமா என்று கேட்க நினைப்பவருக்கு: கூடாது. பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற சரக்கு அந்தக் கிளட்ச்சையும் வழுக்கவிட்டுவிடும். பைக்குக்கு ஜேஸோ (ஜப்பானியத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டது வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, அதனால்தான் அதற்கு ஜேஸோ எம்பி. மீதியை மூடி வையுங்க, இடையில் டாப் அப் செய்ய உதவும்.

28 ஜூலை

ஆடிக்காற்று.

கோவைக்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்த இரண்டு மாதம் வருகிற காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஆயில் நூல் எம்மாத்திரம். இன்று நண்பர் வீட்டில் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாய்ச்சல் அடங்கி, கம்பிப் பதம் வந்த பாகு மாதிரி மெல்லிசாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கேட் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்ததும் அந்த நூல் அப்படியே சாய்ந்து, டப்பின் விளிம்பைத் தாண்டி, அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனது. இன்னொரு வீச்சு, இன்னொரு கோடு. அட்டை இல்லையென்றால் அத்தனையும் டைல்ஸ்.

காற்று வரும் பக்கம் ஒரு பலகையோ பெரிய அட்டையோ செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் தீர்ந்தது. இல்லையென்றால் நூல் கட்டத்தில் டப்பை ஒரு செங்கல் மேல் ஏற்றி போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்க, விழும் உயரம் குறைந்தால் சாயும் தூரமும் குறையும். (செங்கல் டப்புக்குத்தான். காருக்கு இல்லை. 15-ஆம் தேதி எழுதியதை மறக்க வேண்டாம்.)

4 ஆகஸ்ட்

பழைய ஆயில்.

சிந்தாமல் பிடித்துவிட்டு அதைச் சாக்கடையில் ஊற்றுகிறவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஒரு கார் ஒரு முறை மாற்றுகிற ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எழுதி வைத்திருக்கிறது. நமக்கும் 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. ஆயில் கம்பெனிகளே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியாக வேண்டும் என்ற பொறுப்பும் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் தெருவுக்கு அது வந்து சேரும்வரை வழி எளிது. காலியான ஆயில் கேனில் பழையதை ஊற்றி, எந்த மெக்கானிக் பட்டறையிலும் கொடுத்தால் டிரம்மில் ஊற்றிக்கொள்வார்கள். அவர்களிடம் டிரம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது, அதனால் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் போகிற பட்டறை அண்ணன், "தண்ணி கலக்காம குடுத்தா போதும் சார்" என்பதோடு சரி. கூலண்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீங்க.

ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் கேனில் சேர்த்து அதையும் பட்டறையிலேயே போட்டுவிடலாம்.

ஊற்றும்போதுதான் மறுபடியும் சிந்தும். டப்பின் மூலை, அகலவாய்ப் புனல், கீழே அதே அட்டை. கேனை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊற்றும் சாகசம் வேண்டாம்.

4 ஆகஸ்ட், இரவு

காலி கேன் பற்றி விட்டுப்போச்சு. நல்ல பிராண்டு காலி கேனைப் பளபளவென்று பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க. அதில் டூப்ளிகேட் ஆயில் அடைத்துத் திரும்ப வரும். பட்டறையில் ஊற்றிவிட்டு வரும்போது அங்கேயே கத்தியால் இரண்டு கிழி.

6 ஆகஸ்ட்

"சென்ட்ரிங் பலகைக்குத் தடவ எங்க ஊர்ல வேஸ்ட் ஆயில் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, வேலிக்காலுக்குக் கரையான் வராம பூசறோம், இதெல்லாம் தப்பா?" தப்பு என்று அந்தக் கொத்தனார் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது, ஊரே செய்கிறது. ஆனால் இன்ஜினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த பெட்ரோலின் மிச்சமும் இருக்கிறது. வேலிக்காலில் பூசினால் மழைக்கு மண்ணில் இறங்கும், கிணறு பக்கத்திலேயே இருக்கும். வெறுங்கையால் தொடர்ந்து புழங்கினால் தோலில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்று கேன்களிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். சென்ட்ரிங்குக்கென்றே தனி ஆயில் விற்கிறது. நான் பட்டறைக்குத்தான் கொடுக்கிறேன்.

கையுறை போடச் சொல்லவில்லையே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நீல நைட்ரைல் கையுறை, மருந்துக் கடையில் கிடைக்கும். லேடெக்ஸ் ஆயிலில் ஊறிப் பிய்ந்துவிடும்.

11 ஆகஸ்ட்

நிரப்புவதைப் பற்றி எழுதவே இல்லை என்று இன்றுதான் கவனித்தேன். எளிது என்பதால் விட்டுப்போயிருக்கும். மேனுவல் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, மூடி போட்டு, ஸ்டார்ட் செய்து சும்மா ஓட விடுங்க, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல். ஆயில் விளக்கு சில வினாடி எரிந்து அணையும், ஃபில்டர் நிறைகிற நேரம் அது. அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்க. அணைந்ததும் கீழே எட்டிப் பார்த்து, போல்ட்டும் ஃபில்டரும் காய்ந்திருக்கிறதா பாருங்க. பிறகு சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றணும். ரேம்ப் மேல் நிற்கும்போது காட்டுகிற அளவு பொய்.

"கேன்ல மிச்சம் வைக்க மனசு வரல, எல்லாத்தையும் ஊத்திட்டேன்" என்பவர் உண்டு. மேல் கோட்டைத் தாண்டி நிறைய ஊற்றினால் சேம்பருக்கு மேலே சுழலும் கிராங்க் தண்டு அதில் அடித்து நுரை கிளப்பும், நுரையை பம்ப் ஒழுங்காகத் தள்ளாது.

18 ஆகஸ்ட்

எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி. பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் யார் வாங்கினாலும் ஏறக்குறைய அதே விலை, லேபரும் பில்லில் ஏறுகிற சில்லறைச் சாமான்களும்தான் மிச்சம். முதல் தடவை டப், ஓப்பனர், ஸ்டாண்ட் வாங்கினால் அதுவும் போய்விடும். பணத்துக்காக இதில் இறங்குகிறவர் சீக்கிரம் சலித்து விட்டுவிடுவார்.

நான் செய்வதற்குக் காரணம் வேறு. ஒரு சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) போல்ட்டை ஏர் கன்னால் இறுக்கியிருந்தார்கள். அடுத்த முறை கழற்றும்போது சேம்பரின் திரெட் போல்ட்டோடு சுருளாக வந்தது. சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு, யார் தோற்பார் என்று சொல்லணுமா? அதை மறுதிரெட் போட்டுச் சரிசெய்ய லேத்காரர் வரை போக வேண்டியிருந்தது. என் மேனுவலில் அந்த போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர்தான். 20 செ.மீ. ஸ்பேனர் நுனியில் கிட்டத்தட்ட 18 கிலோ அழுத்தம், அவ்வளவே. ஏர் கன் அடித்த பையனுக்கு அன்றைக்கு எத்தனை வண்டி பாக்கியோ, அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் என் வண்டியின் அந்த ஒரு போல்ட்டை இனி நான்தான் இறுக்குவேன்.

இன்னொன்று, பழைய ஆயிலை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். கறுப்பு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. மோர் மிளகாய் ஊறுகிற நிறத்தில் வெளுத்துக் கலங்கி வந்தால் தண்ணீரோ கூலண்டோ கலக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் பக்கத்துத் தெருவுக்கே காரை எடுத்து ஓட்டுகிறீர்கள், இன்ஜின் சூடாகும் முன் அணைத்துவிடுகிறீர்கள். போல்ட் நுனியில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி இருந்தால் சகஜம், நகத்தில் தட்டுப்படுகிற துணுக்கு இருந்தால் மெக்கானிக்கைப் பாருங்க.

19 ஆகஸ்ட்

வாரண்டி இருக்கிற வண்டிக்கு இதைச் செய்யலாமா? நான் செய்ய மாட்டேன். பிறகு ஏதாவது ஒன்று என்றால் வாக்குவாதத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டும். எப்படி இருந்தாலும் ஆயில், ஃபில்டர் பில்லை எடுத்து வையுங்க, பின்புறம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி.

25 ஆகஸ்ட்

கறை ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களுக்கு. உடனே தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீங்க, பரவும். மரத்தூள் கொட்டி ஊற விடுங்க, மர அறுவை மில்லில் மூட்டையாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் சிமெண்ட் தூள், காய்ந்த மண். செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, கூட்டி எடுத்து, மறுபடி புதிதாகக் கொட்டுங்க. பிறகுதான் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பிரஷும். பளபளப்பான டைல்ஸில் சுத்தமாகப் போய்விடும், இடுக்கில் இருக்கிற வெள்ளை சிமெண்ட் கறுத்தால் கறுத்ததுதான், சுரண்டிப் புதிதாகப் பூசணும். பேவர் பிளாக் ஆயிலை உள்ளே குடித்துவிடும். அந்த ஒரு கல்லைப் பெயர்த்துத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது ஓனருக்குத் தெரியாத தொழில்நுட்பம்.

கைக்கு: முதலில் தேங்காய் எண்ணெய், நகக்கண் வரை தேய்த்து, பனியன் வேஸ்டில் துடைத்துவிட்டுப் பிறகு சோப். பட்டறையில் மண்ணெண்ணெயில் கழுவுவார்கள், தோல் வறண்டு வெடிக்கும். பனியன் வேஸ்ட் என்றதும் ஞாபகம், திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் விற்கிறது. வாங்கும்போது பருத்திதானா என்று தொட்டுப் பாருங்க. பாலியஸ்டர் துணி பருத்தி அளவுக்கு உறிஞ்சாது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடும்.

1 செப்டம்பர்

டிரெயின் போல்ட்டோடு வரும் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றணுமா என்று கேட்டவருக்கு. ஆமாம், ஒவ்வொரு முறையும் புதியது போடுங்க. அலுமினிய வாஷரும், உள்ளே குழாய் மாதிரி மடித்த செம்பு வாஷரும் ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும். பழையதைத் திருப்பிப் போட்டால் அடைக்காது, அடைக்கவில்லையே என்று இன்னும் இறுக்குவோம், திரெட் போகும். தட்டையான செம்பு வாஷராக இருந்து அவசரம் என்றால், அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், ஒரு தடவை ஓட்டிவிடலாம். அலுமினியத்தை அப்படிக் காய்ச்சாதீங்க, உருகிவிடும். கடையில் கேட்கும்போது "ஆயில் வாஷர்" என்று மட்டும் சொன்னால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். போல்ட்டைக் கையோடு கொண்டுபோக முடியாது, கார் நிற்கணுமே. அதனால் போன தடவை கழற்றிய வாஷரைக் கழுவி டூல் பாக்ஸில் போட்டு வையுங்க, அடுத்த முறை அதைக் காட்டி வாங்கலாம். என் வண்டிக்கு 14 எம்எம். நான் நாலைந்து சேர்த்தே வாங்கி வைத்துவிடுகிறேன்.